முதுமையில் விழுதல்: உட்காரவைப்பது காப்பாகாது

வயதான ஒருவர் விழுந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே வழுக்குச்சு?" என்பது. தரையில் ஈரம் இருந்திருக்கும், கவனிக்காமல் கால் வைத்திருப்பார் என்று சற்று நேரத்தில் காரணமும் முடிவாகிவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஸ்டீபன் ராபினோவிச் தலைமையிலான ஆய்வுக்குழு இந்த ஊகத்தைக் கண்ணால் கண்டு சோதித்தது. இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமராக்களைப் பொருத்தி, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் 2013இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். எல்லாவற்றையும்விட அதிகமாக, 41 சதவீதம் நேர்ந்ததற்குக் காரணம், உடலின் பாரத்தை மாற்றும்போது அதைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போனதுதான். திரும்பும்போது, நாற்காலியில் அமரக் குனியும்போது, எழுந்திருக்கும்போது, சும்மா நிற்கும்போதுகூட அவர்கள் சரிந்தார்கள்.

குளியலறையில் கேமரா வைக்க முடியாது. ஆகவே ஈரத்தரை விபத்துகள் அந்தக் கணக்கில் குறைவாகவே வந்திருக்கும். ஆனாலும் அந்த ஆய்வு காட்டிய உண்மை பெரியது. முதியவர்களில் பலர் விழுவது தரை கெட்டதால் மட்டும் இல்லை. தடுமாறும் உடலை நொடிப்பொழுதில் நிமிர்த்திக்கொள்ளும் திறன் குறைந்துவிட்டதால்.

இதை ஒப்புக்கொண்டால் நம் குடும்பங்களின் பழக்கம் ஒன்றை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அப்பா ஒரு முறை தடுமாறினால், "நீங்க உக்காருங்கப்பா, என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்" என்கிறோம். அம்மா அடுப்படிக்கு வந்தால், "நீ எதுக்கும்மா எந்திரிச்சு வர்ற?" என்று கடிந்துகொள்கிறோம். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி ஒரே திசையில்தான் விரல் நீட்டுகிறது: நிற்கவும் நடக்கவும் வாய்ப்பில்லாமல் உட்காரவைக்கப்பட்ட முதியவர், அடுத்த முறை எழும்போது முன்னைவிட எளிதாக விழுவார்.

எண்ணிச் சொல்லக்கூடிய காரணங்கள்

உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு விழும் நிகழ்வுகள் ஆண்டுக்கு 3.73 கோடி. 65 வயது கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார்கள். 70 வயதுக்கு மேல் அது 32 முதல் 42 சதவீதமாகிறது என்று அந்த நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

இவ்வளவு பேருக்கு நேர்வதாலேயே இதை 'வயசானா அப்படித்தான்' என்று உலகம் நெடுங்காலம் விட்டுவைத்திருந்தது. அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி. வீட்டில் வாழும் 75 வயது கடந்த 336 பேரை அவரது குழு ஓராண்டு பின்தொடர்ந்தது. 32 சதவீதம் பேர் விழுந்தார்கள். யார் விழுந்தார்கள் என்பதில்தான் பாடம் இருந்தது. தூக்க மாத்திரை அல்லது மயக்கம் தரும் மருந்து உட்கொள்வது, கால்களின் இயலாமை, பாதக் கோளாறு, நடையிலும் சமநிலையிலும் குறை, நினைவாற்றல் மங்கல் என்று ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டார்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் விழும் வாய்ப்பு 8 சதவீதம். நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு அது 78 சதவீதம். ஒவ்வொரு காரணி கூடும்போதும் ஆபத்து படிப்படியாக ஏறியது. 1988இல் வெளியான இந்த ஆய்வு, விழுதலை விதியின் கையிலிருந்து எடுத்து மருத்துவத்தின் கையில் கொடுத்தது. படிப்படியாக ஏறுவதைப் படிப்படியாக இறக்கவும் முடியும் அல்லவா?

முடியும் என்பதை 1994இல் அதே குழு காட்டியது. 70 வயது கடந்த, ஏதேனும் ஓர் ஆபத்துக் காரணியாவது உள்ள 301 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்துகளைச் சீரமைத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், எழுந்து அமரும் முறைகளைக் கற்றுத்தந்தார்கள். ஓராண்டில் சாதாரணக் கவனிப்பு பெற்றவர்களில் 47 சதவீதம் பேர் விழுந்தார்கள். சீரமைப்பு பெற்றவர்களில் 35 சதவீதம்.

நிற்பதும் ஒரு வேலை

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் சிறிது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண் பார்ப்பது, உட்காது உணர்வது, பாதமும் மூட்டுகளும் சொல்வது ஆகிய மூன்று வகைச் செய்திகளை மூளை இடைவிடாமல் ஒப்பிட்டு, கணுக்காலிலும் இடுப்பிலும் உள்ள தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. தடுமாற்றம் பெரிதானால் ஒரு காலை விரைவாக எடுத்து வைத்து உடலைத் தாங்கிக்கொள்கிறோம். இளமையில் இது நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும்.

முதுமையில் இந்த மூன்று வழிகளும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன. கண்புரை வந்தால் படிக்கட்டின் விளிம்பு தெரியாது. நெடுங்காலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனால் தரை சொல்லும் செய்தி மூளைக்குச் சேராது. 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயோடு வாழும் நம் நாட்டில் இது சிறிய காரணம் இல்லை. தசை மெலிந்தால் கட்டளை வந்தும் கால் எழாது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டெனச் சரிந்தால், மூளைக்கே ஒரு கணம் இரத்தம் குறைந்து கண் இருட்டும். எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ இறங்கினால் மருத்துவர்கள் அதை நோயாகவே கருதுகிறார்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும் நின்ற பிறகு ஒரு முறையும் அழுத்தம் பார்த்தால் இது தெரிந்துவிடும். உட்காரவைத்து மட்டும் பார்க்கும் வழக்கத்தால் பலரிடம் இது தெரியாமலே போகிறது.

மூளையின் கவனமும் இதில் சேர்கிறது. ஸ்வீடனின் ஊமியோ நகரில் லில்லெமூர் லுண்டின்-ஊல்சன் குழுவினர், முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக்கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாக விழுந்தார்கள். நடை அவர்களுக்குத் தானாக நடக்கும் செயலாக இல்லை. முழுக் கவனமும் வேண்டிய வேலையாக மாறியிருந்தது. 1997இல் வெளியான இந்த எளிய கண்டறிதலை எந்த வீட்டிலும் சோதிக்கலாம். அப்பாவோடு கடைத்தெருவுக்கு நடக்கும்போது, கேள்வி கேட்டால் அவர் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறாரா என்று கவனித்தால் போதும்.

பயம் செய்யும் சேதம்

ஒரு முறை விழுந்தவரின் உடலில் காயமே இல்லாவிட்டாலும் மனத்தில் ஒன்று தங்கிவிடுகிறது. பிரிட்டனின் முதியோர் மருத்துவ முன்னோடிகளுள் ஒருவரான பெர்னார்ட் ஐசக்ஸ், விழுந்த பிறகு சுவரையும் நாற்காலியையும் இறுகப் பற்றிக்கொண்டு, கை விட்டு நிற்கவே அஞ்சும் முதியவர்களைப் பற்றி 1982இல் தம் சகாவுடன் சேர்ந்து எழுதினார். பயத்தில் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பயம் நியாயமாகிவிடுகிறது. வீட்டார் சொல்லும் "உக்காருங்க" என்ற சொல் இந்தச் சுழலை இன்னும் வேகமாகச் சுற்றவிடுகிறது.

தசை எவ்வளவு விரைவில் போகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். சராசரியாக 67 வயதுள்ள, நல்ல உடல்நலம் கொண்ட 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலுக்கோ சிறிய அறுவைக்கோ மருத்துவமனையில் பத்து நாள் படுத்துவிட்டு வீடு திரும்பும் 75 வயதுக்காரர், போன அதே கால்களோடு திரும்புவதில்லை. வந்த முதல் வாரங்களில்தான் அவருக்குத் துணையும் பயிற்சியும் கூடுதலாக வேண்டும்.

போன தசை திரும்பவும் வரும். பாஸ்டனில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் 1990இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதுள்ள பத்துப் பேர். எடை தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 'இந்த வயசுல என்ன பயிற்சி' என்ற பேச்சுக்கு இதைவிட நேரான மறுமொழி கிடையாது.

டுனெடின் தந்த சான்று

பயிற்சி வலுவைக் கூட்டும் என்பது ஒன்று. விழுவதைக் குறைக்கும் என்பது வேறொன்று. இரண்டாவதைத் தெளிவாக நிறுவிய ஊர் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள டுனெடின். அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன், மெலிண்டா கார்ட்னர் ஆகியோர் வகுத்த வீட்டுப் பயிற்சித் திட்டம் இன்று உலகெங்கும் 'ஒட்டாகோ பயிற்சி' என்றே வழங்குகிறது.

80 வயது கடந்த 233 பெண்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை சென்று, அவரவர் நிலைக்கு ஏற்பப் பயிற்சி கற்றுத்தந்தார். மறு பிரிவினரின் வீட்டுக்கும் அதே எண்ணிக்கையில் ஒருவர் போனார். பேசிவிட்டு மட்டும் வந்தார். ஆகவே வந்த பலன் தோழமையால் வந்தது என்று சொல்ல இடமில்லை. ஓராண்டு முடிவில் பேச்சுத்துணை மட்டும் பெற்ற பிரிவில் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற பிரிவில் 88 முறை.

அந்தப் பயிற்சியில் கருவி என்று சொல்ல, கணுக்காலில் கட்டும் சிறு எடைப்பட்டை மட்டுமே. முழங்காலை நீட்டி மடக்குதல், காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், நுனிக்காலை உயர்த்தி நிற்றல், நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், பக்கவாட்டு நடை, பின்னோக்கிய நடை, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொட நேர்கோட்டில் நடத்தல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். அதோடு வாரம் இருமுறையாவது நடை. முதலில் இரு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு கையால், பிறகு பிடிக்காமல் என்று படி ஏறும். எளிதாகிவிட்ட பயிற்சியை அப்படியே விட்டுவைக்காமல் கடினமாக்கிக்கொண்டே போவதுதான் இதன் உயிர்.

அதே வடிவில் நடந்த நான்கு சோதனைகளைச் சேர்த்து 2002இல் கணக்கிட்டபோது, 65 முதல் 97 வயதுவரை உள்ள 1,016 பேரிடம் விழுதல் 35 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே விழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கும் இது உதவுமா? வான்கூவரில் 70 வயது கடந்த 344 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான சோதனை உதவும் என்றது: விழுதல் வீதம் 36 சதவீதம் குறைந்தது. 25 நாடுகளின் 108 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. பொதுவாக உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைக்கிறது என்றும், சமநிலைப் பயிற்சியோடு வலுப் பயிற்சியும் சேர்ந்தால் குறைவு 34 சதவீதம்வரை போகிறது என்றும் அது கூறியது. சீனாவின் தாய் சி பயிற்சிக்கு 19 சதவீதப் பலன் கிடைத்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். 'தினமும் வாக்கிங் போறார், அது போதும்' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் நடை மட்டும் விழுதலைக் குறைத்ததற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. கையெலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகநடைக்கு அனுப்பிய பிரிட்டன் சோதனை ஒன்றில், நடந்தவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள். தடுமாற்றத்தைச் சமாளிக்கும் திறன், பாதுகாப்பான முறையில் தடுமாறிப் பழகினால்தான் வளரும்.

மாத்திரையும் கண்ணும்

கேம்பெல் குழுவினர் இன்னொரு சோதனையும் செய்தார்கள். தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். விழுதல் 66 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பெரிய பலன் வேறு எந்த ஒற்றை நடவடிக்கையிலும் அரிது. ஆனால் சோதனை முடிந்த ஒரு மாதத்தில், மருந்தில்லாமல் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். தூக்க மாத்திரையைத் தொடங்குவது எளிது, விடுவது கடினம். ஆகவே தொடங்கும்போதே மருத்துவரும் குடும்பமும் யோசிக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

தூக்க மாத்திரையோடு பட்டியல் முடிவதில்லை. சில இரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் சில மருந்துகள், சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மயக்கம் தரும் மாத்திரைகள், சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் மருந்துகள் எல்லாம் இதில் அடங்கும். இதயத்துக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என்று தனித்தனியே எழுதித்தரும் சீட்டுகளை ஒருசேரப் பார்ப்பவர் பெரும்பாலும் யாரும் இல்லை. ஆண்டுக்கு இருமுறையாவது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, "இதில் எது இன்னும் தேவை?" என்று ஒரே மருத்துவரிடம் கேட்பது பெரிய தடுப்பு நடவடிக்கை.

கண்ணைச் சீர்செய்வதிலும் பலன் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயது கடந்த 306 பெண்களில் ஒரு பிரிவினருக்கு முதல் கண்ணின் கண்புரை அறுவையை விரைந்து செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வரிசையில் காத்திருந்தார்கள். விரைந்து செய்தவர்களிடம் விழுதல் வீதம் 34 சதவீதம் குறைவு. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் எட்டும்படி செய்த கண்புரை அறுவைகளைப் பார்வை திரும்பிய கதையாக மட்டுமே சொல்லி வருகிறோம். முறியாமல் தப்பிய எலும்புகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை. 'புரை முத்தட்டும்' என்று காத்திருக்கும் மாதங்கள் ஆபத்தான மாதங்கள்.

கண்ணாடியில் எச்சரிக்கை தேவை. தூரமும் கிட்டமும் ஒரே வில்லையில் உள்ள கண்ணாடியோடு படி இறங்கும்போது, கீழ்ப்பகுதி வழியே பார்க்கும் கண்ணுக்குப் படியின் விளிம்பு மங்கலாகும். புதுக் கண்ணாடி போட்ட தொடக்க நாட்களிலும் தடுமாற்றம் கூடலாம். ஆஸ்திரேலியச் சோதனை ஒன்றில், கண் பரிசோதனையும் புதுக் கண்ணாடியும் பெற்ற முதியவர்கள் கூடுதலாகவே விழுந்தார்கள். பழகும்வரை படிக்கட்டில் கைப்பிடியும் நிதானமும் வேண்டும்.

வீட்டைச் சீர்செய்தல்

தரை மட்டும் காரணமில்லை என்றால் வீட்டைத் திருத்துவது வீண் என்று பொருளாகாது. நியூசிலாந்தின் தாரனாகி பகுதியில் 842 வீடுகளில் நடந்த சோதனை 2015இல் வெளியானது. படிகளுக்குக் கைப்பிடி, குளியலறையில் பிடிமானக் கம்பி, வெளி விளக்கு, படி விளிம்பில் வழுக்காத பட்டை போன்ற சிறு திருத்தங்களைச் செய்தார்கள். மருத்துவம் தேவைப்பட்ட விழுதல் காயங்கள் 26 சதவீதம் குறைந்தன. பார்வை மிகவும் குன்றிய 75 வயது கடந்த 391 பேரிடம் நடந்த இன்னொரு நியூசிலாந்துச் சோதனையில், வீட்டுப் பாதுகாப்பை நிபுணர் வந்து சீர்செய்ததால் விழுதல் 41 சதவீதம் குறைந்தது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர் வீட்டைத் திருத்தும்போதுதான் பலன் அதிகம் என்பதை வீட்டுத் திருத்தங்களைப் பற்றிய காக்ரேன் தொகுப்பும் உறுதி செய்கிறது.

நம் வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்கள் தெளிவாகத் தெரிபவை. பளபளப்பான டைல்ஸ் பதித்த குளியலறை, சுவரில் பிடித்து எழ எதுவும் இல்லாத கழிப்பறை, உயரமான நிலைப்படி, அறைக்கும் கூடத்துக்கும் இடையே ஓர் அங்குலம் ஏறி இறங்கும் தரை, விளிம்பு மடங்கிய கால்மிதி, தேய்ந்த ரப்பர் செருப்பு, தரையைத் தொடும் புடவை, வேட்டி, நைட்டி, இரவில் கழிப்பறைக்குப் போகும் இருண்ட வழி. துண்டு மாட்டும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. எடை தாங்கும் எஃகுக் கம்பியைச் சுவரில் துளையிட்டு ஆழப் பொருத்த வேண்டும். கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் சுவிட்சும் வழிநெடுக இரவு விளக்கும் வேண்டும். தரையில் பாயில் அமர்ந்து எழுந்து பழகியவர்கள் இடுப்பும் முழங்காலும் இடங்கொடுக்கும்வரை அந்தப் பழக்கத்தை விடாமலிருப்பது நல்லது. ஒவ்வொரு எழுதலும் ஒரு பயிற்சிதான்.

பலிக்காத வழிகள்

ஆராய்ச்சியின் நேர்மை, தோல்வியையும் வெளியிடுவதில் இருக்கிறது. அமெரிக்காவில் 5,451 முதியவர்களிடம், செவிலியர்கள் ஆபத்தை அளந்து திட்டம் வகுத்துக்கொடுத்த பெரிய சோதனை 2020இல் வெளியானது. கடுமையான காயங்கள் கணிசமாகக் குறையவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் 9,803 பேரிடம் அஞ்சல் வழியே ஆபத்தை விசாரித்து, தேவையானவர்களுக்குப் பயிற்சியோ விரிவான பரிசோதனையோ தந்த சோதனையிலும் எலும்பு முறிவுகள் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 2,256 வயதான பெண்களிடம் ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் அலகு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். விழுதல் 15 சதவீதமும் எலும்பு முறிவு 26 சதவீதமும் கூடின.

இவற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று. ஆபத்தைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதுவதும், அறிவுரை கூறி அனுப்புவதும், ஒரே வேளை மருந்தில் தீர்வு தேடுவதும் பயன் தருவதில்லை. டுனெடினில் பலன் கிடைத்தது, ஒருவர் வீட்டுக்கே போய், கூட நின்று, சொல்லிக்கொடுத்து, மீண்டும் வந்து, கடினத்தைக் கூட்டிய இடத்தில்தான்.

விழுந்த பின்

எவ்வளவு தடுத்தாலும் சிலர் விழுவார்கள். அப்போது எழத் தெரிந்திருப்பது உயிர்காக்கும். கேம்பிரிட்ஜில் 90 வயது கடந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், விழுந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் கிடந்தார்கள். 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அவ்வளவு நேரம் கிடந்தால் தசை நசியும், உடல் வறளும், நுரையீரலில் சளி கட்டும். எலும்பு முறியாதவர் முதலில் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து, உறுதியான நாற்காலியை அடைந்து, வலுவான காலை முன்வைத்து எழும் முறையை விழும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும். தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடையெலும்புக் கழுத்து முறிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு முறிவு நேர்ந்துவிட்டால் எலும்பு மெலிவுக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும். கம்பி வைத்து அனுப்புவதோடு வேலை முடிவதில்லை.

தமிழ்நாடு செய்யக்கூடியது

2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயது கடந்தவர்கள். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடம். முதியோர் மருத்துவத்தில் இந்த மாநிலத்துக்கு நீண்ட மரபும் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் 1978இல் முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. இவை விழுந்தவரும் நோயுற்றவரும் தேடிப்போக வேண்டிய இடங்கள்.

விழாமல் காப்பதற்கு வேறொரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். இயன்முறை மருத்துவரும் அதில் இருக்கிறார். நியூசிலாந்தின் மேற்கு ஆக்லாந்தில் நடந்த சோதனை இங்கே வழிகாட்டும். பயிற்சி கற்பிப்பதில் முன் அனுபவம் இல்லாத மாவட்டச் செவிலியர் ஒருவரை இயன்முறை மருத்துவர் தயார்படுத்தி வீடுகளுக்கு அனுப்பினார். 75 வயது கடந்த 240 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில் விழுதல் 46 சதவீதம் குறைந்தது. நிபுணர் எல்லா வீட்டுக்கும் போகத் தேவையில்லை. நிபுணர் பழக்கிய ஒருவர் போனால் போதும்.

மாத்திரையோடு வரும் அந்தப் பெண்ணே மூன்று கேள்விகளையும் கொண்டுவரலாம்: இந்த ஆண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஓர் எளிய சோதனை செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆபத்து இருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணலாம். 70 முதல் 74 வயதுள்ள பெண் பத்துக்குக் குறைவாகவும் ஆண் பன்னிரண்டுக்குக் குறைவாகவும் செய்தால் கால்வலு குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படிக் கண்டறிந்தவர்களுக்கு நின்ற நிலையில் இரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் சேர்ப்பது, கண்புரைக்கு அனுப்புவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சிகளைக் கற்றுத்தந்து மாதந்தோறும் கடினமாக்குவது என்று நான்கு வேலைகள் தொடர வேண்டும். ஒன்றுக்கும் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. தேவைப்படுவது பயிற்சியும், அதற்கென ஒதுக்கிய நேரமும், அந்த நேரத்துக்கு உரிய ஊதியமும்.

குடும்பத்தின் பங்கும் இதற்கு இணையானது. அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதைவிட, அவர் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளும்படி வழியைச் சீராக்கி, தொடக்க நாட்களில் பக்கத்தில் நிற்பது கடினமான அன்பு. ஆனால் அவருக்கு அதுதான் தேவை. அறுவை அரங்கில் எலும்புக்குக் கம்பி வைக்க ஒரே நாளில் லட்சங்களைத் திரட்டிவிடும் குடும்பமும், அந்த அறுவைக்குக் காப்பீடு தரும் அரசும், அதைத் தடுக்கக்கூடிய வாரம் மூன்று அரைமணி நேரத்தை ஒதுக்க முடியாது என்று சொல்ல நியாயமில்லை. அந்த நேரம் பலன் தரும் என்பதற்கான சான்று, டுனெடின் ஆய்வு வெளியான 1997 முதல் நம் முன் இருக்கிறது.